கயிற்றை விடச் சொன்ன நாள்

எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பெரட்டுக்களத்துச் செம்மண்ணில் கயிறு நீளமாகக் கிடந்தது. பெரட்டுக்களம் என்றால் காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் மைதானம். ஜப்பான்காரன் காலத்தில் பாலுக்காக ரப்பர் மரத்தைக் கீறுவது, அதாவது பால்மரம் வெட்டுவது, பாதிக்குமேல் நின்றுபோனதால், மத்தியானத்துக்குப் பிறகு அங்கே கோழிகூட நடமாடாது. கோழி இருந்தால்தானே நடமாடுவதற்கு.

"எந்திரிங்க. இன்னும் நாலு தடவை இழுக்கணும்" என்றேன்.

"நேத்தும் இழுத்தோம், இன்னிக்கும் இழுத்தோம். கயிறு அப்படியேதான் கெடக்கு. எங்களுக்குத்தான் கை போச்சு" என்று கன்னியப்பன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து சிவந்திருந்தது. பசி ஏற ஏற அவனுக்கு வாயும் நீளும். மற்றவர்கள் சிரித்தார்கள்.

முனியாண்டி சிரிக்கவில்லை. எட்டுப் பேரில் உயரமானவன் அவன்தான். எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"நான் நாளையிலேருந்து வரல டீச்சர்."

மற்ற ஏழு பேரையும் ஒரு துண்டு அவித்த கிழங்கு கொடுத்துத் திரும்ப அழைத்துவிடலாம். இவன் கிழங்குக்கு வருகிறவன் இல்லை. எட்டுப் பேரை ஏன் பொறுக்கி எடுத்தேன் என்பது அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது.

பத்தொன்பது வயது டீச்சர்

அப்போது எனக்கு வயது பத்தொன்பது. தம்பின் டவுனிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதால், கணக்கெழுதும் கிராணிதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் சிங்கப்பூர்ப் பக்கம் போனவர் திரும்பவில்லை.

ஒரு நாள் கிராணி எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஏழாம் வகுப்பு பாஸ் பண்ணின ஒரே ஆள் உங்க வீட்லதான் இருக்கு, டிரெசர். பள்ளிக்கூடத்தை நடத்தியே ஆகணும்னு தம்பின் ஆபீஸ்ல உத்தரவு போட்டிருக்கான்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அப்படித்தான் டீச்சர் ஆனேன்.

காலையில் கிழக்குப் பார்த்துக் கும்பிட வேண்டும். பிறகு தைசோ என்ற தேகப்பயிற்சி. அதன் பிறகு ஜப்பான் எழுத்து. முதல் நாள் சாயங்காலம் நான் கற்றுக்கொண்டதை மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பேன். இரண்டு எழுத்துதான் நான் அவர்களுக்கு முன்னால் இருந்தேன்.

சாக்பீஸ் கிடையாது. மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து, அந்தத் துண்டால் கரும்பலகையில் எழுதினேன். சென்ற வாரம் இந்தத் தொடரில் மரவள்ளி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தெமியாங்கில் இருக்கும் ஒரு அம்மா கடிதம் போட்டிருக்கிறார்: 'எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். அந்தச் சாக்பீஸையும் நாங்கள் தின்றோம்.' அம்மா, எங்கள் பள்ளியிலும் தின்றார்கள். தின்றவன் கன்னியப்பன். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எட்டுச் சீட்டு

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் தோட்டத்துக்கு லாரி இரண்டு முறை வந்தது. முதல் லாரியில் சிலர் தாங்களாகவே ஏறினார்கள். மூன்று மாதம்தான், அரிசி தருவான், துணி தருவான் என்று சொன்னார்கள். அதில் போனவர்களில் முனியாண்டியின் அப்பா மாரிமுத்துவும் ஒருவர்.

இரண்டாவது லாரியில் யாரும் தானாக ஏறவில்லை. கண்ணில் பட்டவர்களை ஏற்றினார்கள். மீசை அரும்பாத பையன்கள் இரண்டு பேரும் அதில் போனார்கள்.

அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் தம்பினிலிருந்து கடிதம் வந்தது. ஜப்பான் மன்னரின் பிறந்தநாளுக்குத் தோட்டப் பள்ளிகளுக்கிடையே கயிறு இழுக்கும் போட்டி. ஒவ்வொரு பள்ளியும் எட்டுப் பேரை அனுப்ப வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு முத்திரை குத்திய சீட்டு கிடைக்கும். சீட்டு வைத்திருப்பவன் பள்ளி மாணவன், அவனை வேலைக்குப் பிடிக்க மாட்டார்கள்.

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன்.

எல்லா டீச்சரும் பலசாலிகளைத் தேடியிருப்பார்கள். நான் அடுத்த லாரியில் யார் யார் போவார்கள் என்று பார்த்தேன். உயரமாக இருந்தவன், குரல் உடைந்தவன், தோள் அகன்றவன் என்று எட்டுப் பேர். முனியாண்டிக்குப் பதினைந்து முடிந்திருந்தது. பதிவேட்டில் பதிமூன்று என்று எழுதினேன். அந்த 'மூன்று' இன்றைக்கும் என் கண்ணுக்குள் கோணலாக நிற்கிறது.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னால், வரிசை வீடுகளான லயத்தில் பேசுவார்கள். லயத்தில் பேசினால் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் காதுக்குப் போகும். மண்டோர் யார் பக்கம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், டீச்சருக்குக் கயிற்றுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான். ஒருவன் ஒரு வாரம் வராவிட்டால் கிராணி பதிவேட்டிலிருந்து பேரை அடித்தாக வேண்டும். பேர் போனால் சீட்டும் போகும்.

முனியாண்டி வீட்டில்

அன்று வெயில் தாழ்ந்ததும் அவன் இருந்த லயத்துக்குப் போனேன். அவன் அம்மா பாக்கியம் வாசலில் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் கோடரியை நிறுத்தவில்லை.

"ஏம்பா வரமாட்டேங்கிற?"

"அடுத்த லாரி வந்தா நானே ஏறிடுவேன் டீச்சர். அப்பாவத் தேடணும். மூணு மாசம்னாரு. ஒரு வருசம் ஆவப் போவுது."

"சயாம் என்ன தம்பின் பாசாரா? இறங்கினதும் நாலு பேர்கிட்ட விசாரிக்க?"

"கேட்டா யாராச்சும் சொல்லுவாங்கல்ல" என்றான். அவ்வளவு எளிதாக நம்பினான்.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "என்னைப் பாத்து என்ன டீச்சர் செய்யறது? இவன் அப்பன் மாதிரிதான் இவனும். சொல்லிட்டான்னா சொன்னதுதான்" என்றாள். துருவுகிற கை நிற்கவில்லை. ஆனால் கண் என்னைக் கெஞ்சியது.

"முனியாண்டி, போட்டி வரைக்கும் இரு. கடைசி ஆள் நீதான். இடுப்பில கயிறு சுத்தி நிக்கிறவன் போயிட்டா மத்த ஏழு பேரும் மண்ணைக் கவ்வணும். போட்டி முடியட்டும். அப்புறம் நான் தடுக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அது பொய். போட்டி முடிந்த பிறகு வேறு ஏதாவது சொல்லி நிறுத்தலாம் என்று நினைத்தேன். அவன் தலையாட்டினான்.

நான் எழுந்தபோது பாக்கியம் கேட்டாள்: "பயலுவ இழுக்கவே மாட்டேங்கிறானுங்களாமே? நாளைக்கு நாங்க வந்து இழுத்துப் பாக்குறோம்."

அம்மாக்கள் இழுத்த கயிறு

மறுநாள் எட்டு அம்மாக்கள் வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள்.

"அம்மா, நீங்கள்லாம் விழுந்துடுவீங்க" என்றான் கன்னியப்பன்.

"டேய், ஒன்னைப் பெத்தப்ப இதைவிடத் தடிக் கயித்தைப் புடிச்சுத் தொங்கினவடா நான். இழுடா பாப்போம்" என்றாள் அவன் அம்மா.

மூன்று முறை இழுத்தார்கள். மூன்று முறையும் பையன்கள் தலைகுப்புற விழுந்தார்கள். மாதக்கணக்கில் யாரும் வாய்விட்டுச் சிரித்துக் கேட்காத தோட்டத்தில் அன்று அப்படி ஒரு சிரிப்பு. முனியாண்டிகூடச் செம்மண் அப்பிய முகத்தோடு சிரித்தான். வேடிக்கை பார்க்க வந்த அஞ்சலை என்ற பெண்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது, கணீரென்ற தொண்டை.

"அம்மாங்க ஒண்ணா மூச்சு விடுறாங்க டீச்சர். இவனுங்க ஆளுக்கொரு நேரம் இழுக்குறானுங்க."

அன்றிலிருந்து அஞ்சலை கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று 'ஏலோ... ஐலசா' என்று குரல் கொடுத்தாள். அவள் 'சா' என்னும்போது எட்டுக் குதிகாலும் ஒன்றாக மண்ணில் இறங்கும். அம்மாக்களை ஜெயித்தே தீர வேண்டும் என்று பையன்கள் கூப்பிடாமலே வந்தார்கள். கையில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சலில் கிடந்த ஒருவன்கூடப் போர்வையோடு வந்து ஓரத்தில் உட்கார்ந்தான். பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அம்மாக்கள் முதல் முறையாகத் தோற்றார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயமும் இருந்தது. எங்கோ ஒரு ஊரில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டத்தைச் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. போட்டிக்கென்று கூப்பிடுகிறானே, இதுவும் அப்படி இருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன்.

"போகலைன்னா என்ன ஆகும்னு தெரியும். போனா என்ன ஆகும்னு தெரியாது. தெரியாததுக்குத்தான் போகணும்" என்றார்.

தம்பின் பாடாங்

விடிந்ததும் கிளம்பி நடந்தோம். வழியெல்லாம் அஞ்சலைக்குப் பேச்சு நிற்கவில்லை. பாடாங் என்ற ஊர் மைதானத்தில் கொடிகள் கட்டியிருந்தார்கள். ஏழெட்டுப் பள்ளிகள் வந்திருந்தன. மைதானத்துக்குப் பின்னால், மரநிழலில், இரண்டு லாரிகள் நின்றன. நான் அவற்றைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

இரண்டிரண்டு பள்ளிகளாக மோத வேண்டும்; கெமாஸ் பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு எங்களுக்குப் போட்டி. மூன்று முறை இழுக்க வேண்டும், இரண்டு முறை ஜெயித்தால் வெற்றி. அவர்களுடைய வாத்தியார் முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டு அணிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "நம்ம புள்ளைங்க ரெண்டு பக்கமும். யார் ஜெயிச்சா என்னம்மா" என்றார்.

முதல் முறை நாங்கள் ஜெயித்தோம். அஞ்சலை ஐந்து முறைகூடக் குரல் கொடுக்கவில்லை, கயிறு எங்கள் பக்கம் வந்துவிட்டது. பையன்கள் குதித்தார்கள். நானும் குதித்திருப்பேன்.

அப்போதுதான் ஜப்பான் அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் தமிழர் ஒருவர், பேர் சரிபார்க்கிற மாதிரி காகிதத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டிரெசர் பொண்ணுதானே நீ? என் காலை வெட்டாமக் காப்பாத்தினவர் உங்கப்பா. அதுக்காகச் சொல்றேன், திரும்பிப் பாக்காத. ஜெயிக்கிற பசங்களைப் பயிற்சி முகாமுக்கு அனுப்பப் போறான். இன்னிக்கே. லாரி அதுக்குத்தான்."

"சீட்டு இருக்கே..."

"சீட்டு கொடுத்தவன் அவன்தானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனார்.

இரண்டு மாதமாக விடாதே, விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள். அவர்களைச் சுற்றி நிற்கவைத்து, தண்ணீர் கொடுக்கிற மாதிரி குனிந்து, "அடுத்த ரெண்டு தடவையும் கயித்தை விட்டுடுங்க" என்றேன்.

அவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

"இதுக்கா டீச்சர் கை தோலெல்லாம் உரிச்சுக்கிட்டோம்?" கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஜெயிச்சா லாரியில ஏத்திடுவான்டா."

சொன்ன பிறகுதான் முனியாண்டியின் முகத்தைப் பார்த்தேன். அவன் மரநிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க போவுது லாரி?" என்று கேட்டான். நான் தண்ணீரை அடுத்தவனிடம் நீட்டினேன். சயாமுக்குத்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான்.

இரண்டாவது முறை அஞ்சலை காப்பாற்றினாள். 'ஏலோ' என்றவள் 'ஐலசா'வை ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னாள். அடுத்ததை முன்கூட்டியே சொன்னாள். எட்டுக் குதிகாலும் குழம்பின. தோற்றோம். முனியாண்டி அவளை முறைத்தான். அவள் கண் கலங்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது முறை, விசில் ஊதியதும் ஏழு பேரும் கையை விட்டார்கள். முனியாண்டி விடவில்லை. கயிறு அவன் இடுப்பில் இருந்தது. குதிகாலை மண்ணில் புதைத்து, அவன் ஒருவனே எட்டுப் பேரை எதிர்த்துச் சாய்ந்து நின்றான். இரண்டு மூச்சு நேரம் நின்றான் என்று சத்தியம் செய்வேன். பிறகு புல்லில் வயிறு தேய இழுபட்டுப்போனான். அப்போதும் கயிறு கையில்தான்.

ஜப்பான் அதிகாரி எழுந்து வந்தார். அவனைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்துப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "வயசு என்னடா?"

முனியாண்டி என்னைப் பார்த்தான். பதினைந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கேட்ட லாரி அவனுக்குக் கிடைக்கும். அவனுக்குக் கிடைத்த சீட்டில் வயது பதிமூன்று என்று இருந்தது; அதைப் பொய்யாக எழுதியவள் என்ன ஆவாள் என்பதும் அவனுக்குத் தெரியும். பள்ளிப் பேர்ப்பட்டியல் அதிகாரியின் மேஜையில் இருந்தது.

"பதிமூணு" என்றான்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்பாளர் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரி என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். கையை விட்ட ஏழு பேருக்காக அந்த அறை என்று பிற்பாடு தெரிந்தது. காது அடைத்துப்போயிற்று. ஆனால் அவர் திரும்பி நடந்தார். அது போதும் என்று இருந்தது.

ஜெயித்தவர்கள்

வென்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு கொடுத்தார்கள். கெமாஸ் பக்கத்துப் பிள்ளைகள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சிரித்தபடி லாரியில் ஏறினார்கள். ஒட்டுப்போட்ட கோட்டுக்காரர் முதலில் கை தட்டினார். பிறகு லாரிக்குப் பின்னால் இரண்டடி ஓடினார். பிறகு நின்றார்.

இரண்டாவது முறைக்கும் மூன்றாவது முறைக்கும் நடுவில் அவர் எனக்குப் பத்தடி தூரத்தில்தான் நின்றார். நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் கயிற்றை விட்டிருப்பார்கள், எல்லோரும் மாட்டியிருப்போம் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்டபோது, இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். விட முடியவில்லை. அந்தப் பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால், அல்லது அவர்களுடைய வீட்டார் படித்தால், எனக்கு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

திரும்பி வரும் வழியில், ரப்பர் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன், வயதை எப்படி மாற்றி எழுதினேன், முனியாண்டியிடம் சொன்ன பொய் உட்பட. மண்டோர் காதுக்குப் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"மொதல்லியே சொல்லியிருக்கலாமே டீச்சர். நாங்க என்ன ஊர்பூரா தம்பட்டம் அடிக்கிறவங்களா?" என்றாள் அஞ்சலை.

முனியாண்டி வயிற்றுக் காயத்தில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் சாயங்காலம் பெரட்டுக்களத்துக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். ஏன் வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.

லாரி இன்னொரு முறை வந்தது. அப்போது வகுப்பில் எல்லோரும் ஜப்பான் எழுத்தை உரக்கப் படித்தார்கள். முனியாண்டி கடைசி வரிசையில் முழங்காலை மடக்கிக் குட்டையாக நின்று படித்தான். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டுப் பேரில் நான் இழந்தது கன்னியப்பனைத்தான். அவனையும் லாரி கொண்டுபோகவில்லை. மலேரியா கொண்டுபோயிற்று. அப்பாவிடம் மருந்து இல்லை.

பாக்கியத்தின் வாசல்

ஜப்பான்காரன் போன பிறகு, சயாமிலிருந்து ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். மாரிமுத்துவோடு ஒரே லாரியில் போன ஒருவர் கெமாஸில் ரயிலை விட்டிறங்கி, காலில் புண்ணோடு அப்பாவிடம் வந்து சேர்ந்தார். போன முதல் மழைக்காலத்திலேயே மாரிமுத்து பேதியில் இறந்துவிட்டார் என்று அவர்தான் சொன்னார்.

முனியாண்டி அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். மர வரிசையான நிரைக்குள் போய் அவனிடம் சொன்னேன். அவன் கத்தியில் ஒட்டிய பாலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மொத மழையிலியா?"

"ஆமாப்பா."

"அப்ப நாம கயித்தைத் தொடறதுக்கு முந்தியே..."

"ஆமா."

கத்தியைக் கீழே வைத்தான். "அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது டீச்சர்" என்றான்.

"நான் வர்றேன்."

இருவரும் லயத்துக்கு நடந்தோம். தண்ணீர்க் குழாயடியில் நின்ற அஞ்சலை எங்கள் முகத்தைப் பார்த்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள். நிரைகளிலிருந்து ஒருவன் வந்தான், ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து இன்னொருவன். யாரையும் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கயிறு பிடித்தவர்களில் உயிரோடிருந்த ஏழு பேரும் அங்கே இருந்தார்கள்.

பாக்கியம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு கிடைத்த அரிசி. நிமிர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முறம் நின்றது.

"ஏன் எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றாள்.

சொல்வதற்கென்று வந்தவள் நான். ஆனால் முனியாண்டிதான் முன்னால் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முறத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.